றோஸ் தண்ணிப் படலம்

நேற்று ஒரு பிறந்தநாள் விழாவில் கொத்துரொட்டிக்கு வரிசையில் நிற்கிறேன். பின்னால் நின்றவர் தோளைத் தட்டினார்.

"குளிருக்கு ட்ரெயிலரை மூடியாச்சோ?"

மூடியாச்சு என்றேன்.

"ஹீட்டர் தண்ணி?"

திறந்து விட்டாச்சு.

"பைபாஸ்?"

திருப்பியாச்சு.

"வெளி ஷவர்?"

அதுக்கும் றோஸ் தண்ணி விட்டாச்சு. மனிதரின் முகம் வாடிவிட்டது. கொஞ்சம் யோசித்து, "வடிவாத் தெரியுமோ?" என்றார்.

தெரியும். வெளி ஷவரில் வழிந்த றோஸ் என் சப்பாத்தில் சிந்தியதற்குச் சப்பாத்தே சாட்சி. இருந்தும் நடுச்சாமத்தில் எழும்பி, டோர்ச் அடித்து, அந்தச் சப்பாத்தைத் தேடினேன். "இந்த நேரத்தில எங்கை வெளிக்கிடுறியள்?" என்று மனிசி கேட்டா. என்ன சொல்ல?

ஒன்ராறியோவில் ட்ரெயிலர் வைத்திருப்பது லாபமா நட்டமா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருவேன். அதற்கு முன் ஒக்டோபர் மாத ஆலோசகர்களைப் பற்றி இரண்டு வார்த்தை.

தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 வீதம் பருக்கும், குழாய் பிளக்கும். ஆகவே வடித்துவிட்டு றோஸ் தண்ணியை, அதாவது புரொப்பிலின் கிளைக்கோலை, உள்ளே ஏற்று. இவ்வளவுதான் விஷயம். போத்தலில் கொட்டை எழுத்தில் -50 என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை. அந்தக் குளிருக்கு வெகு முன்பே அது கூழாகிவிடும். இதை அறியாத ஒரு ஆலோசகர் வீட்டு ஃப்ரீசரில் ஒரு கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "எங்களை ஏமாத்திப்போட்டாங்கள்" என்று ஊரெல்லாம் தொலைபேசி எடுத்தார். இன்னொரு கூட்டம் றோஸையே தொடாது. கொம்ப்ரசரால் காற்றடித்துத் தண்ணியை ஊதித்தள்ளும் கட்சி அது. கோயில் நிர்வாகசபை இரண்டாக உடைந்ததுபோல இந்த இரு கட்சிக்காரரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடமாட்டார்கள்.

எலியில் மட்டும் எல்லாரும் ஒற்றுமை. அதாவது, எலி வரும் என்பதில் ஒற்றுமை. பென்சில் நுழையும் ஓட்டை கிடைத்தால் எலி நுழைந்துவிடும். ஒருவர் ட்ரையர் ஷீட் வை என்றார். அந்த வாசத்துக்கு எலி ஓடுமாம். வைத்தேன். எலி அதைக் கிழித்து மெத்தை போட்டுப் படுத்தது. அடுத்தவர் பெப்பர்மின்ட் எண்ணெய் என்றார். பஞ்சில் நனைத்து மூலைமூலையாக வைத்தேன். எலிக்குத் தடிமல் இருந்திருந்தால் சுகப்பட்டிருக்கும். மூன்றாமவர் பூச்சி உருண்டை என்றார். எலி வந்ததோ தெரியாது, அடுத்த கோடையில் நாங்கள் உள்ளே போகமுடியவில்லை. பிறகு ஒருவர் ஐரிஷ் ஸ்பிரிங் சவர்க்காரத்தைச் சீவிப் போடச் சொன்னார். எலி கடித்த சவர்க்காரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போனேன். "அது வேறை சாதி எலியாக்கும்" என்றார். ஸ்டீல் வூலால் ஓட்டைகளை அடை என்று ஒருவர் சொன்னார். சரியான யோசனை. அவற்றை அடைக்க வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தால், எங்கள் தெருவில் நாய் கூட்டிப் போகிறவர்கள் எல்லாம் குனிந்து நின்று ஆலோசனை சொல்லத் தொடங்கினார்கள். நாயும் சொல்லியிருக்கும். சங்கிலியை இழுத்துவிட்டார்கள். பூனை வள என்று ஒருவர் சொன்னார். ட்ரெயிலருக்காகப் பூனை, பூனைக்கு ஊசி, பூனைக்கு மணல், பூனையைப் பார்க்க ஆள் இல்லாததால் கோடையில் ட்ரெயிலரில் போகமுடியாது. யோசித்துப் பார்த்தால் செலவு குறைந்த வழி அதுதான்.

உண்மையில் எனக்குக் கோபம் எலியோடு இல்லை. கோடை முழுக்க ஒரு மனிதரும், "அல்கொங்குவின் பக்கம் போனியளோ, வாவி எப்பிடி?" என்று கேட்கவில்லை. லூன் பறவை கத்தினதைச் சொல்ல வாயெடுத்தால், "பற்றறியைக் கழட்டினியளோ?" என்று குறுக்கே வருகிறார்கள். கழட்டினேன். சார்ஜ் இறங்கிய பற்றறி உறைந்துபோகும் என்பதால் அது கீழறையில் சூடாக இருக்கிறது. வேலையால் வந்து டிறைவ்வேயில் பனி தள்ளுகிறவன் நான். பற்றறியின் சுகத்தை விசாரிக்கிறவர்களில் ஒருவராவது என் முழங்கால் எப்படியென்று கேட்டதில்லை.

சரி, லாபமா நட்டமா. வாங்கிய விலை, காப்புறுதி, குளிர்காலத்துக்கு நிறுத்திவைக்கும் வளவு வாடகை, றோஸ் தண்ணி, சவர்க்காரம் எல்லாவற்றையும் கூட்டி, அதில் படுத்தெழும்பிய இரவுகளால் பிரித்தால் விடை வந்துவிடும். மனிசி வீட்டில் இருக்கும்போது செய்கிற கணக்கு இல்லை அது. ஏப்ரலில் பார்ப்போம். ஆனால் ஏப்ரலில் இந்த றோஸ் தண்ணி முழுவதையும் கழுவி வெளியேற்றி, தொட்டிக்கு ப்ளீச் விட்டு அலசவேண்டும். எவ்வளவு ப்ளீச் என்பதில் இப்போதே மூன்று அபிப்பிராயம் வந்து சேர்ந்திருக்கிறது. நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.