ஜானகி யார் பெண்?

கேள்வி: பேத்திக்கு ‘ஜானகி’ என்று பெயர் வைக்க ஆசை. “அர்த்தம் சொல்லுங்க அத்தை, அப்புறம் பார்க்கலாம்” என்கிறாள் மருமகள். என்ன சொல்லட்டும்?
- ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: ஜனகரின் மகள், ஜானகி. ‘உங்கள் பிள்ளை பேர் ஜனகன் இல்லையே’ என்று மருமகள் மடக்கினால் அசராதீர்கள். சமஸ்கிருதத்தில் ‘ஜனகன்’ என்றாலே தகப்பன் என்றும் பொருள் உண்டு. ஆக, எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

இதிகாசப் பெண்கள் பலரின் பெயர் வெறும் விலாசம்தான். வைதேகி விதேக நாட்டுக்காரி, மைதிலி மிதிலைக்காரி. கேகயத்திலிருந்து கைகேயி, காந்தாரத்திலிருந்து காந்தாரி. நம்மூரில் வாக்கப்பட்டு வந்தவளைக் கடைசிவரை ‘மதுரைக்காரி’ என்பதில்லையா, அதே கதை! துருபதன் மகள் திரௌபதிக்குச் சொந்தப் பெயர் கிருஷ்ணை, அதாவது கருநிறத்தாள். குந்தியின் இயற்பெயர் பிருதை. அர்ஜுனன் ‘பார்த்தன்’ ஆனது அதனால்தான். நாட்டையோ தகப்பனையோ ஒட்டாத பெயர் வேண்டுமா? ‘சீதா’ இருக்கிறது. ஏர் உழுத சால் என்று பொருள்.

எதற்கும் உங்கள் பிள்ளையிடம் முதலில் பேசுங்கள். ஜானகி என்றால் ‘அப்பா பொண்ணு’ என்று சொல்லிப் பாருங்கள். ஓட்டு உங்களுக்குத்தான்.