பாஸ்டன் டீக்கு ஒரு மார்க்

நம் கல்வித் துறையை யாரும் குறை சொல்லக் கூடாது. 1773-ல் வரியை எதிர்த்து அமெரிக்கர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கடலுக்குள் கவிழ்த்த 342 பெட்டித் தேயிலையை ஒரே ஒரு மார்க்குக்குள் அடக்கிக் காட்டிய துறை அது. ஒன்பதாம் வகுப்பில் ‘புரட்சிகளின் காலம்’ வரும். ஆண்டு எது? நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு. முடிந்தது அமெரிக்கப் புரட்சி. பத்தாம் வகுப்பில் காலக்கோடு. ஸ்கேல் வைத்து நேராகக் கோடு போட்டு, ஆண்டுகளை வரிசையாகக் குறித்துவிட்டால் மார்க் நிச்சயம். மெல்லக் கற்போர் கையேடு இன்னும் கருணை மிக்கது: புக் பேக்கை மட்டும் உருப்போடு, பாஸ். மக்கள் ஏன் பொங்கி எழுந்தார்கள் என்றே தெரியாமல் புரட்சியில் தேறும் பாக்கியம் வேறு எந்த நாட்டுப் பிள்ளைக்கு வாய்க்கும்?

கடலில் கொட்டிய தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. ஜார்ஜ் கோட்டையில் கடை விரித்து நம்மை ஆளத் தொடங்கிய அதே கம்பெனி. 1781-ல் யார்க்டவுனில் படையோடு சரணடைந்த கார்ன்வாலிஸ், 1786-ல் நமக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். அங்கே தோல்வி, இங்கே புரமோஷன். 1792-ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாரமகாலையும் பறித்தார். திப்பு பெற்ற பிள்ளைகள் இருவரைப் பிணையாகப் பிடித்தார். நம் வினாத்தாளிலோ அமெரிக்கக் கார்ன்வாலிஸ் வேறு, நிலவரிக் கார்ன்வாலிஸ் வேறு. இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை.

எலிகு யேல் என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். அவர் காலத்தில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளும் கப்பலேறினார்கள். இங்கே சேர்த்த சொத்தோடு ஊர் திரும்பிய கனவான், 1718-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்குப் பொதி பொதியாகச் சரக்கு அனுப்பினார். அதை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயர் கிடைத்தது. நம் பிள்ளைகள் யேலுக்குப் போனால் பேப்பரில் போட்டோ வருகிறது. யேல் நம்மிடம் வந்து போன கதை எந்தக் கைடிலும் வருவதில்லை.

ஊரையெல்லாம் எண்ணி நம்மை மட்டும் விட்டுவிடும் இந்தக் கணக்குப் பிழையை ஏலாக்குறிச்சி முன்பே அறியும். அந்தக் கொள்ளிடக்கரை ஊரில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய இத்தாலியர் வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். ஆற்றைக் கடந்த சீடன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுவான். ஒரு ஆள் குறைகிறது என்று எல்லாரும் சேர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். ஏலாக்குறிச்சிப் பிள்ளை இன்று பாஸ்டனை எண்ணுகிறது, பாரிஸை எண்ணுகிறது, வெர்சேல்ஸை எண்ணுகிறது. தன்னை எண்ணச் சொல்லித்தர ஆளில்லை. அந்தச் சீடர்களாவது ஆள் குறைகிறது என்று அழுதார்கள். நாம் ரிசல்ட் வந்ததும் ஸ்வீட் கொடுக்கிறோம்.

ஆண்டு வரிசையை விட்டுக் கருப்பொருள் வைத்துப் பாடம் நடத்திப் பாருங்கள். ‘வரி’ என்று தலைப்பிட்டால் பாஸ்டன் டீயும் 1930 வேதாரண்யம் உப்பும் ஒரே பீரியடில் உட்காரும். ‘உழைப்பு’ என்றால் அமெரிக்கப் பருத்தித் தோட்டத்துக்குப் பக்கத்தில் தஞ்சைப் பண்ணையாளும், 1968-ல் கீழ்வெண்மணியில் எரிந்த 44 உயிர்களும் வந்து நிற்கும். ‘நிலம்’ என்றால் 1830-ல் பூர்வகுடிகளை விரட்டச் சட்டம் போட்ட ஆண்ட்ரூ ஜாக்சன் வருவார். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழும்: “சார், ஜெயங்கொண்டத்துல கரண்டு ஃபேக்டரி வருதுன்னு எங்க தாத்தா நெலத்த எடுத்தாங்களே, ஃபேக்டரி எங்க சார்?”

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆண்டைக் கேட்டால் பிள்ளை விடை சொல்லும். காரணத்தைக் கற்றுக்கொடுத்தால் நம்மையே கேள்வி கேட்கும்.

டெல்லிக்கு இது நன்றாகவே தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி வரலாற்று நூல் கருப்பொருள் வாரியாகவே அமைந்தது. 2023-ல் அதிலிருந்து முகலாய அரசவை அத்தியாயத்தையே உருவிவிட்டார்கள். பாடச்சுமையைக் குறைக்கிறார்களாம்! ஃபுளோரிடாவும் சளைத்ததல்ல. அடிமைகள் கற்ற தொழில் சில வேளை அவர்களுக்கே பயன்பட்டது என்று சொல்லிக்கொடுக்க அதே 2023-ல் பாடநெறி வகுத்தது. சாட்டையடிக்குக் கீழே ஸ்கில் டெவலப்மெண்ட்! நல்லவேளை, நம்மவர்கள் இன்னும் அதைப் படிக்கவில்லை. படித்தால் பண்ணையார்களுக்கு நல்லாசிரியர் விருது கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த பொதுத்தேர்வில் ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: ‘ஆங்கிலேயர் அமெரிக்காவில் இழந்ததற்கும் கம்பெனி தமிழ்நாட்டில் பிடித்ததற்கும் என்ன தொடர்பு? உன் ஊரில் அதற்கு விலை கொடுத்தவர் யார்?’ மறுநாளே டிவியில் பெற்றோர் கொதிப்பார்கள், கைடு போட்டவர்கள் பதறுவார்கள். சாயங்காலம் சுற்றறிக்கை வரும்: வினா பாடத்திட்டத்துக்கு வெளியே அமைந்துவிட்டதால், எழுத முயன்றிருந்தாலே முழு மதிப்பெண். நம் வரலாறு நம் பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று அரசே முத்திரை குத்தித் தரும் சான்றிதழ் அது. லேமினேட் செய்து வகுப்புக்கு ஒன்று மாட்டலாம்.