காலி இடத்துக்கும் காசு

எங்கள் ஆபீசில் மொத்தம் இருபத்திரண்டு பேர். அதில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை தெரியும்.

வரைகிறவர்கள் இருக்கிறார்கள், எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எடிட் செய்யும் பையன் காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலேயே தயிர் சாதம் சாப்பிடுவான். க்ளையன்ட் சர்வீசிங் பார்க்கும் பெண், போனில் எதிர்முனையிலிருந்து வரும் ‘ஹலோ’வின் நீளத்தை வைத்தே லேஅவுட் ஓகேயா, திரும்பி வருமா என்று சொல்லிவிடுவார். டீ வாங்கி வரும் தாத்தாவுக்கு யாருக்கு அரைச் சர்க்கரை, யாருக்குச் சர்க்கரையே கூடாது என்பதெல்லாம் அத்துப்படி. இவர்களுக்கு நடுவே நான் ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடி எதற்கென்றால், நான் சும்மா இருப்பதை எல்லோரும் பார்க்க வேண்டுமே.

ஒரு காலத்தில் எனக்கும் வேலை தெரிந்திருந்தது. காப்பி ரைட்டர். சோப்புக்கும் சிமென்ட்டுக்கும் ஊறுகாய்க்கும் வரி எழுதினேன். பரவாயில்லாமல் எழுதுகிறான் என்று பெயரும் வந்தது. நம்மூரில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும்? அந்த வேலையிலிருந்து நம்மைத் தூக்கி, அதைச் செய்கிறவர்களை மேய்க்கும் வேலையில் போட்டுவிடுவார்கள். என்னை யாரும் தூக்கவில்லை, நானே தூக்கிப் போட்டுக்கொண்டேன். 2006-ல் ராயப்பேட்டையில் ஒரு பழைய வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து வாசலில் போர்டு மாட்டினேன். அந்தப் போர்டில் இருக்கும் நாலு வார்த்தைதான் நான் கடைசியாக எழுதிய காப்பி.

கல்யாண வீடுகளில் என்னை, “சொந்தமா ஏஜென்சி வெச்சிருக்கார், அமோகமா போகுது” என்று அறிமுகப்படுத்துவார்கள். எதிரே இருப்பவர் முகம் மலர்ந்து, “இண்டேனா, பாரத்தா?” என்பார். இல்லை, விளம்பரக் கம்பெனி என்றால் மலர்ந்த முகம் அப்படியே கூம்பிவிடும். பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

போர்டு மாட்டிய புதிதில் டேவிட் ஓகில்வி எழுதிய புத்தகம் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவேன். 1963-ல் வந்த, விளம்பரக்காரனின் ஒப்புதல் வாக்குமூலங்கள். மனிதர் பாரிஸில் ஒரு பெரிய ஹோட்டல் சமையலறையில் கரண்டி பிடித்தவர். பிறகு ஸ்காட்லாந்தில் வீடு வீடாக ஏறி இறங்கி அடுப்பு விற்றவர். 1948-ல் நியூயார்க்கில் ஏஜென்சி ஆரம்பித்தார். தன் கம்பெனியில் புதிதாகக் கிளைத் தலைவர் ஆகிறவர்களுக்கு அவர் ரஷ்யப் பொம்மை அனுப்புவாராம். ஒரு பொம்மையைத் திறந்தால் உள்ளே சின்னது, அதைத் திறந்தால் அதைவிடச் சின்னது. கடைசிக் குட்டிப் பொம்மைக்குள் ஒரு சீட்டு இருக்கும். நம்மைவிடச் சிறிய ஆட்களையே வேலைக்கு எடுத்துக்கொண்டு போனால் குள்ளர்களின் கம்பெனி ஆகிவிடுவோம், பெரிய ஆட்களாக எடுத்தால் ராட்சதர்களின் கம்பெனி ஆவோம் என்பது சீட்டின் சாரம்.

இந்தக் கதையை எங்கள் பத்தாம் ஆண்டு விழாவில் உருகி உருகிச் சொன்னேன். பிள்ளைகள் கண் கலங்கக் கேட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் என் மேஜையில் ஒரு பொம்மை. ரஷ்யாவிலிருந்து வந்ததல்ல, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. அதற்குள்ளும் ஒரு சீட்டு இருக்குமோ என்று திறந்து பார்க்க முயன்று கழுத்தை உடைத்துவிட்டேன். பிறகு ஃபெவிகால் போட்டு ஒட்டினேன். இப்போது அது ஒரு பக்கமாகத்தான் ஆடுகிறது, ‘சரி’ என்று.

பெரிய ஆட்களை எடுத்தால் இன்னொரு சங்கடம் உண்டு. அதை ஓகில்வி அந்தச் சீட்டில் எழுதவில்லை. நாம் எழுதுவதை அவர்கள் ஓகே செய்ய மாட்டார்கள். போன வருஷம் ஒரு மசாலாப் பொடிக்கு வரி தேடி எல்லோரும் முட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பழைய கை அரித்தது. ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதி, யாரும் பார்க்காத நேரத்தில் அவர்களுடைய சீட்டுகளோடு கலந்துவிட்டேன். எங்கள் தமிழ் காப்பி ரைட்டர், அவரை எல்லோரும் புலவர் என்றுதான் கூப்பிடுவோம், ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். என் சீட்டு வந்தது. வாசித்தார். முகர்ந்து பார்ப்பவர் போல மூக்கருகே கொண்டுபோனார். “இது யார் எழுதினது? தூர்தர்ஷன் வாசனை அடிக்குதே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

எழுதுகிறவரையும் வரைகிறவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து யோசிக்கச் சொன்னவர் பில் பெர்ன்பாக். 1949-ல் நியூயார்க்கில் டாயில் டேன் பெர்ன்பாக் ஆரம்பித்த மூவரில் ஒருவர். அதற்கு முன்பெல்லாம் எழுதுகிறவர் எழுதி, படம் போடும் டிபார்ட்மென்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பெர்ன்பாக் செய்துவைத்த இந்தக் கல்யாணத்தால் உலக விளம்பரமே மாறியது என்பார்கள். மாறியிருக்கும். ஆனால் கல்யாணம் செய்துவைத்தவர் பஞ்சாயத்துக்கு வருவதில்லையே.

எங்கள் புலவருக்கு ஊர் ஊட்டி. அவருக்கு ஜோடியாகப் போட்ட ஆர்ட் டைரக்டருக்கு வேலூர். ஊட்டிக்காரருக்கு ஏசி ஆகவே ஆகாது. வேலூர்க்காரனுக்கோ பதினெட்டில் வைத்தாலும் சட்டை நனையும். அப்படித்தான் ஊகித்திருப்பீர்கள். நடந்தது நேர்மாறு. ஊட்டிக்காரர் சென்னைப் புழுக்கம் தாங்காமல் பதினெட்டு கேட்கிறார், வேலூர்க்காரன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு இருபத்தேழு கேட்கிறான். ரிமோட்டுக்காக மூன்று வாரம் இருவரும் பேசவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் மெயில் அனுப்பிக்கொண்டார்கள், எனக்கு ஒரு காப்பியோடு. அந்த மூன்று வாரத்தில் செய்த ஃப்ரிட்ஜ் விளம்பரம்தான் அவர்களுடைய ஆகச் சிறந்த வேலை என்பதையும் சொல்ல வேண்டும். சமாதானம் செய்துவைத்தபின் அந்தத் தரம் திரும்ப வரவில்லை. ரிமோட் இப்போது என் டிராயரில் இருக்கிறது. என் பதவிக்குள்ள ஒரே அதிகாரம் அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மும்பையிலிருந்து மெயில் வரும். இந்தியில் நாலு வார்த்தையில் ஒரு தலைப்பு, அதற்குத் தமிழ் வேண்டும், திங்கட்கிழமை காலையில். தமிழில் அது நாலு வார்த்தைக்குள் நிற்காது. நின்றாலும் ஒவ்வொரு வார்த்தையும் கூட்ஸ் வண்டி நீளத்துக்குப் போகும். அவர்களுடைய டிசைனில் விட்டிருக்கும் இடமோ ஆட்டோ நிற்கும் அளவு. அப்புறம், ‘நீ’ என்பதா ‘நீங்கள்’ என்பதா? பைக் வாங்கும் பையனை ‘நீங்கள்’ என்றால் எல்ஐசி ஏஜென்ட் பேசுவதுபோல இருக்கிறது. ‘நீ’ என்றால் காசு கொடுக்கப்போகும் அப்பா கோபித்துக்கொள்கிறார். புலவர் இரண்டுமே வராத மாதிரி ஒரு வரி எழுதுவார். சனி, ஞாயிறு இரண்டும் அதிலேயே போகும். தியேட்டரில் அந்த வரி மூன்று விநாடி ஓடும்போது ஜனங்கள் பாப்கார்ன் வாங்க வெளியே போயிருப்பார்கள்.

பணக் கதைக்கு வருகிறேன். பத்திரிகை விளம்பரத்தில் ஏஜென்சிக்கு வழக்கமான கமிஷன் 15 சதவீதம். லட்ச ரூபாய் விளம்பரம் என்றால் பதினைந்தாயிரம். அதில் எனக்கு எவ்வளவு திருப்பித் தருவாய் என்று கேட்கும் க்ளையன்ட்டுகள் உண்டு. மிச்சம் எண்பத்தைந்தாயிரத்தைப் பத்திரிகைக்குக் கெடு தேதிக்குள் நாங்கள் கட்டியாக வேண்டும். க்ளையன்ட் எங்களுக்குக் கொடுத்தாரா என்பது பத்திரிகையின் கவலை இல்லை. தவறினால் பத்திரிகைகளின் சங்கம் கொடுத்த அங்கீகாரத்துக்கே ஆபத்து. எங்கள் சேவைக்குத் தனியாகப் போடும் பில்லுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. மறுமாதம் 20-ஆம் தேதி கட்ட வேண்டும். வராத பணத்துக்கு வரி கட்டும்போது ஒரு வைராக்கியம் வரும் பாருங்கள், காசிக்குப் போனாலும் வராது.

ஆகவே மாதக் கடைசியில் நான் வசூலுக்குக் கிளம்புவேன். வசூலுக்கு முதலாளியே போனால்தான் மரியாதை, அதாவது அவர்களுக்கு. கல்லாவுக்கு எதிரே, மாலை போட்ட ஸ்தாபகர் படத்துக்குக் கீழே உட்கார வைப்பார்கள். ரோஸ் மில்க் வரும். “அடுத்த வாரம் கண்டிப்பா” என்பார்கள். வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல் ஒரு வேட்டி கொடுப்பார்கள். பாக்கி வராத கணக்கில் என்னிடம் பதினான்கு வேட்டிகள் இருக்கின்றன. எங்கள் அக்கவுன்ட்ஸ் மாமா அவற்றை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறார்.

இந்தக் கூட்டத்தில், சொன்ன தேதிக்கு முழுப் பணத்தையும் கொடுக்கிற ஒரே க்ளையன்ட், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி. அவர் எதிரில் என் கழுத்தும் அந்தப் பொம்மையின் கழுத்தும் ஒன்று.

போன ஆடிக்கு முன் முழுப் பக்க விளம்பர லேஅவுட்டை எடுத்துக்கொண்டு போனோம். ஆர்ட் டைரக்டர் ஒரு மாதம் இழைத்தது. ஒரு பெண், ஒரு சேலை, சுற்றிலும் வெள்ளை. அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, நடுவுல இம்புட்டு எடம் சும்மா கெடக்கே?”

“அது வைட் ஸ்பேஸ் சார்” என்றான் ஆர்ட் டைரக்டர்.

“சரிப்பா. அந்த எடத்துக்கும் பேப்பர்காரன் துட்டு வாங்குதானா, விட்டுக்குடுக்கானா?”

“வாங்குறாங்க அண்ணாச்சி” என்றேன் நான். “சதுர சென்டிமீட்டர் கணக்கு.”

“அப்பம் அதுல ரெண்டு நைட்டியப் போடு.”

ஆர்ட் டைரக்டர் என்னைத் தாண்டிப் பேச ஆரம்பித்துவிட்டான். 1959, அமெரிக்கா, வோக்ஸ்வாகன் பீட்டில் கார். பக்கம் பூராவும் வெறுமை, ஒரு மூலையில் சுண்டைக்காய் அளவுக்குக் கார். ‘சின்னதாக யோசி’ என்று தலைப்பு. ஹெல்முட் க்ரோன் வரைந்தது, ஜூலியன் கோனிக் எழுதியது. இன்றைக்கும் அதை உலகமே பாடமாகப் படிக்கிறது. கண் மினுங்கச் சொன்னான். அண்ணாச்சி குறுக்கிடாமல் பன்னீர் சோடா குடித்துக்கொண்டே கேட்டார்.

“அந்த வெள்ளைக்காரன் எத்தன ஐட்டம் வித்தான்?”

“ஒண்ணுதான் சார். அந்தக் கார்.”

“நான் உள்பாவாடையில இருந்து முகூர்த்தப்பட்டு வரைக்கும் விக்கேன். ஒத்தக் காரு மட்டும் வித்தா, நானும் மிச்ச எடத்த சும்மாதான போடுவேன்?”

நான் தலையாட்டினேன். பணம் ஒழுங்காக வருகிறது என்பதற்காக மட்டும் இல்லை. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. கடை ஈயாடும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழையதைத் தள்ளியாக வேண்டும். அதற்காக வந்ததுதானே தள்ளுபடி. பேப்பரை விரித்து விரலை வைத்து விலை தேடும் அம்மாவுக்கு வெறுமையின் அழகு எதற்கு? இதைக் காரில் திரும்பும்போது ஆர்ட் டைரக்டரிடம் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெமினி பாலம் தாண்டும்வரை திரும்பவில்லை.

லேஅவுட்டில் அறுபத்திரண்டு படங்கள் ஏறின. ராத்திரி ஒன்பதுக்குள் மெட்டீரியல் பத்திரிகைக்குப் போக வேண்டும். எட்டு இருபதுக்கு என் கண்ணாடி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு புலவர் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“சார், ‘ஆடித் தள்ளுபடி’யில ‘த்’தை எடுத்துட்டான்.”

பின்னாலேயே வேலூர். “இடமில்ல சார். லுங்கி மேல ஏறுது.”

“லுங்கியை இறக்கு” என்றார் புலவர்.

“லுங்கிக்குத் துட்டு வருது. ‘த்’துக்கு யார் குடுப்பா?” அண்ணாச்சியிடம் ஒரே மீட்டிங்கில் பையன் தேறிவிட்டான்.

“ஆடிப்பெருக்கை ‘ப்’ இல்லாம எழுதுவியாடா?”

“எங்க வீட்டு காலண்டர்ல அப்படித்தான் போட்டிருக்கு.”

புலவர் என்னைப் பார்த்தார். நானும் ஒரு காலத்தில் ஒற்றுக்காக உண்ணாவிரதம் இருந்தவன் என்பது அவருக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன். புலவரைப் பார்த்துத் தலையாட்டினேன், வேலூரைப் பார்த்தும் தலையாட்டினேன். ‘த்’ இல்லாமலேயே எட்டு ஐம்பத்தைந்துக்கு விளம்பரம் போனது.

புலவர் கீழே டீக்கடையில் துக்கம் கேட்க வந்தவர்போல நின்றிருந்தார். பக்கத்தில் போய் இரண்டு டீ சொன்னேன்.

“மனசுல வெச்சுக்காதீங்க புலவரே. தீபாவளி விளம்பரத்துல எல்லா ஒற்றையும் உங்க இஷ்டத்துக்கு விட்டுடறேன். ‘பட்டுப்புடவை’க்கு ‘ப்’, ‘வாழ்த்துக்கள்’ல ‘க்’...”

“‘வாழ்த்துகள்’ல ‘க்’ வராது சார்” என்றார் புலவர், டீயை ஆற்றிக்கொண்டே.

மறுநாள் காலை ஆறே கால். போனில் அண்ணாச்சி.

“தம்பி, பேப்பர் பாத்தேன். எல்லாம் நல்லாருக்கு. வலது ஓரத்துல, லுங்கிக்கும் துண்டுக்கும் நடுவுல ஒரு வெரக்கட எடம் சும்மா கெடக்கே. அதுக்கும் நான் துட்டு குடுத்திருக்கேம்லா?”

வாசலுக்குப் போய்ப் பேப்பரை எடுத்துத் திண்ணையில் விரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அந்த இடத்தில் ஒரு ‘த்’ சப்பணம் போட்டே உட்கார்ந்திருக்கலாம்.