இழுத்துப் பிடிக்கப் படித்தவன்

சர்ஜரி போஸ்டிங்கில் மாணவன் கையில் கத்தி கொடுப்பார்கள் என்று நினைப்பவர்கள் சினிமா பார்த்துக் கெட்டவர்கள். கொடுப்பது ரிட்ராக்டர். வெட்டிய இடம் மூடிக்கொள்ளாதபடி சதையை ஓரமாக இழுத்துப் பிடிக்கிற, நுனி வளைந்த இரும்பு. குடலிறக்க ஆபரேஷனில் என்னிடம் வந்தது லாங்கன்பெக். பத்தொன்பதாம் நூற்றாண்டு பெர்லின் சர்ஜன் ஒருவரின் பெயர் அது. பெயர் அவருக்கு, தோள்வலி எனக்கு.

அதைத் தொடுவதற்கே தனிச் சடங்கு உண்டு. முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கவுனும் கையுறையும் போட்டு, கைகளை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். எதன் மேலும் படக்கூடாது. வாழ்நாள் முழுக்க அரிக்காத மூக்கு அப்போதுதான் அரிக்கும்.

குமராட்சியில் யாருக்கும் இந்த விவரம் தெரியாது. விடுமுறைக்குச் சிதம்பரத்தில் பஸ் ஏறி ஊரில் இறங்கினால் கடைத்தெருவிலேயே பிடித்துக்கொள்வார்கள். “தம்பி, ஆபரேஷன்லாம் பண்றியா?” “தியேட்டர்லதான் இருக்கேன்” என்பேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெரியப்பா வந்து படுக்கும் வரை. சொந்தப் பெரியப்பா இல்லை, தெருவுக்கே பெரியப்பா. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைகளைத் தூக்கியவர். அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் வயிற்றுச் சுவர் தளர்ந்து குடல் தலைநீட்டியிருந்தது. படுத்தால் உள்ளே போய்விடும் என்பதால், “அறுப்பு முடியட்டும்” என்று பல சம்பாப் பட்டங்களாகத் தள்ளிப்போட்டிருந்தார். சிக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிடும் என்று நான் முன்பே எச்சரித்ததுண்டு. “அதான் உள்ள போயிடுதேப்பா” என்பது அவர் பதில்.

வார்டில் அவரைப் பார்க்காத மாணவன் இல்லை. குடல் இறங்கும் பாதையின் உள்வளையத்தைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு இருமச் சொல்ல வேண்டும். அப்போதும் புடைத்தால் ஒரு வகை, புடைக்காவிட்டால் இன்னொரு வகை. ஆளாளுக்கு அமுக்கியதில் இரண்டாம் நாளே பெரியப்பா எங்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். “இன்னும் கொஞ்சம் மேல வை தம்பி. ம், இப்ப இருமட்டா? வரல பாரு. அப்ப இன்டைரக்ட்.” பரீட்சையில் எனக்கு இவரையே கேஸாகக் கொடுக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், மேலே ஆள் முழு விழிப்பு. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் இந்த முறையைத் தன் உதவியாளர் ஹில்டெப்ராண்டுக்குப் போட்டுப் பார்த்தார். மரத்துவிட்டதா என்று அறிய உதவியாளரின் கணைக்காலில் சுத்தியலால் அடித்தார், சுருட்டு நெருப்பை வைத்தார். மருந்து இறங்கியபின் ஹில்டெப்ராண்ட் பட்ட பாடு தனிக் கதை. உதவிக்கு நிற்பவன் கதி அன்றைக்கே அப்படித்தான்.

அன்று பி.ஜி. மாணவர் ஒருவர் லீவு. அவர் இடத்தில் நான். பெரியப்பாவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணி. அது பார்வையை மறைக்கும், காதை மறைக்காது.

“இழுப்பா” என்றார் சீஃப். இழுத்தேன்.

“அந்தப் பக்கம் இல்ல, உன் பக்கம்.” இழுத்தேன்.

“இப்ப ஏன் இழுக்கற? விடு. விடுன்னா எடுத்துடறதா? பிடி. தூக்கமா?”

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: “சார், புள்ள காலையில சாப்பிடல போலருக்குங்க.”

மயக்க டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸ் அக்காவின் தோள் குலுங்கியது. சீஃப் மட்டும் சிரிக்காமல், பலவீனமான இடத்தின் மேல் வலையை வைத்துத் தைத்துக்கொண்டே, “பாத்தியா, பேஷன்டுக்குத் தெரியுது” என்றார்.

தையல் அருமையாக ஆறியது. கத்திரிக்காய் கொத்சு சாப்பிடலாமா என்று பெரியப்பா கேட்டார், தாராளமாக என்றேன். “சீழ் வெக்கும். புடிச்சுக்கிட்டு நின்ன புள்ளைக்கு என்ன தெரியும்?” என்று பெரியம்மா தள்ளிவிட்டார். செய்தி என்னைவிட வேகமாக ஊருக்குப் போயிருந்தது. பெரியப்பா யாரையும் குறை சொல்லும் ஆள் இல்லை. நடந்ததை நடந்தபடி, சீஃப் குரலிலேயே, டீக்கடையில் நடித்துக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்த முறை போனபோது மாரியம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூங்கில் ஒன்று சரிந்தது. சுற்றிலும் வாட்டசாட்டமான ஆட்கள் நிற்க, மேலே ஏறியிருந்தவர் என்னைத்தான் கூப்பிட்டார்: “டாக்டர் தம்பி, இதைச் செத்த இழுத்துப் புடி. உன் பக்கம்.”