தம்பி துப்பாக்கி தூக்கப் போறாராம்

வாய்யா தம்பி, உக்காரு. சேதி காதுல விழுந்துச்சு. மெரினாவுல பலூன் கடையில நின்னு டப்பு டப்புன்னு வரிசையா ஒடச்சிட்டியாம். அன்னையிலேர்ந்து ஃபோனும் கையுமா துப்பாக்கி வெல பாத்துக்கினு கெடக்கறியாம். உங்க வீட்டுக்காரம்மா எங்க கெழவிகிட்ட சொல்லி, கெழவி எங்கிட்ட ஒண்ணுக்கு ரெண்டா சொல்லிட்டா. ரொம்ப சந்தோசம்யா. இந்த முடிச்சூர்ல 2015-ல அடையாத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து பாத்திருக்கோம், ஒலிம்பிக் மெடல் வீட்டுக்குள்ள வந்து பாத்ததில்ல. நீதான் கொண்டாரணும்.

துப்பாக்கிய நாளைக்கே வாங்கிடு. எதுக்கு யோசிக்கற? ஜெர்மனிக்காரன் செய்யற வால்தர், ஃபெயின்வெர்க்பாவுன்னு பேர் போன சரக்கெல்லாம் இருக்குது. ரெண்டு மூணு லட்சம் ஆவும், அவ்ளோதான். மொத மாசம் ஹால்ல ஷோகேஸ்ல நிக்கும். ரெண்டாவது மாசம் பீரோ மேல ஏறும். ஆறாவது மாசம் அதுக்குப் பக்கத்துல, போன வருசம் நீ வாங்குன கிடாரும் அதுக்கு முந்துன வருசத்து சைக்கிள் ஹெல்மெட்டும் தொணைக்கு இருக்கும். தனியா கெடக்குதேன்னு கவலப்பட வேணாம்.

சரி சரி, மூஞ்சிய தூக்கி வெச்சிக்காத. கணக்குக்கு வரேன். பலூன் எத்தனை பெருசு? உன் தலை அளவுக்கு ஊதி, கைக்கெட்டுற தூரத்துல கட்டி வெச்சிருப்பான். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில குறி அட்டையோட வட்டம் மொத்தமே 45.5 மில்லிமீட்டர். அதுக்குள்ள ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் வளையம். நட்ட நடுவுல இருக்கற பத்தாம் நம்பர் புள்ளி அரை மில்லிமீட்டர். நீ சுடற ஈயக்குண்டே நாலரை மில்லிமீட்டர், புள்ளிய விட ஒம்போது மடங்கு. குண்டு அந்தப் புள்ளிய ஓரத்துல ஒரசுனாலே பத்துதான், ஆனா அதோட விடமாட்டான். மெஷினு தசமத்துல பிரிச்சி 10.1-ஆ 10.9-ஆன்னு கேக்கும். இப்படி 60 குண்டு, ஒண்ணேகால் மணி நேரத்துல சுட்டு முடிக்கணும். நம்ம கடலூர்ல பொறந்து குஜராத்துல வளந்த இளவேனில் வாலறிவன் இருக்குதே, டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் ஒலிம்பிக் போன பொண்ணு, அது இந்த அரை மில்லிமீட்டரோடதான் தெனம் மல்லு கட்டுது. சென்னையில பொறந்த ககன் நாரங்கு 2012-ல லண்டன்ல வெங்கலம் வாங்கினதும் இதே பத்து மீட்டர்லதான். உனக்கு பலூன் கடைக்காரன் பலூன் குடுத்தான், அவங்களுக்கு புள்ளி குடுத்திருக்காங்க.

ஆரம்பிக்கணும்னா எங்க ஆரம்பிக்கறதுன்னு கேக்கறியா? சுவத்துல. ஆமாய்யா, உங்க வீட்டு ஹால் சுவத்துல. கிளப்புல சேந்து, அவங்க சொல்லிக் குடுத்து, அப்பால வீட்டுல செய்யற மொத பாடமே குண்டு போடாம விசைய இழுக்கறதுதான். டிரை ஃபயருன்னு சொல்வாங்க. அதுக்குன்னே செட் பண்ண துப்பாக்கியா இருக்கணும், வெறும் துப்பாக்கிதானான்னு ரெண்டு தரம் பாத்துக்கணும். கால தோள் அளவுக்கு அகட்டி நிக்கணும். எடது முழங்கைய இடுப்பெலும்பு மேல முட்டுக் குடுக்கணும், எடைய தசை தாங்கக் கூடாது, எலும்பு தாங்கணும். மூச்ச இழுத்து, பாதி விட்டு, அங்கயே நிறுத்தணும். விசை ரெண்டு கட்டமா வரும்: மொதல்ல லேசா உள்ள போயி ஒரு எடத்துல முட்டும், அங்க காத்திருக்கணும். அதுக்கு மேல எப்ப வெடிச்சுதுன்னு உனக்கே தெரியாத அளவுக்கு மெதுவா அழுத்தணும். கொஞ்ச நொடிக்குள்ள சுடலைன்னா கை ஆட ஆரம்பிக்கும், அப்ப துப்பாக்கிய எறக்கிடணும். சுடாம எறக்கறதுக்குத்தான்யா மனசு வேணும். சுட்டப்பறமும் ஒரு மூச்சு நேரம் அப்படியே குறி பாத்துக்கினு நிக்கணும், உடனே தலைய தூக்கி எங்க பட்டுச்சுன்னு பாக்கக் கூடாது. டீ ஆர்டர் பண்ணிட்டு நாலு வாட்டி ஃபோன எடுத்துப் பாக்கற ஆளு நீ. இத எப்படி செய்யப் போறன்னு நானும் கட்டில்ல உக்காந்து பாக்கத்தான் போறேன்.

அந்த ஜாக்கெட்ட பாத்திருக்கியா? கெட்டித் துணியும் தோலும் வெச்சி தெச்சது. மேல மாட்டி, பேன்ட்டும் மாட்டி, தட்டையா அடிபோட்ட பூட்சையும் போட்டா, மனுசன் பொய்க்கால் குதிரை கணக்கா நடப்பான். நிக்கறதுக்குத்தான் அது, நடக்கறதுக்கு இல்ல. சித்திரை மாசத்துல தாம்பரத்துல அத போட்டுக்கினு அரை மணி நேரம் நின்னின்னா, உங்கம்மா சொல்ற அந்தத் தொப்பையும் கரையும். இது ஒண்ணுதான் சீக்கிரம் கெடைக்கற பலன்.

அதுக்கும் முன்னால காசில்லாத பரீட்சை ஒண்ணு இருக்குது, இப்பவே செய். ரெண்டு கண்ணையும் தெறந்து வெச்சிக்கினு, அதோ அந்த கரண்டு கம்பத்த வெரலால காட்டு. இப்ப எடது கண்ண மூடு. வெரல் கம்பத்து மேலயே இருக்குதா, நவுந்துடுச்சா? நவுந்தா உனக்கு எடது கண்ணுதான் ஆளுற கண்ணு. வலது கைக்காரனுக்கு எடது கண்ணு ஆண்டா ஆரம்பத்துலயே கோச்சுகிட்ட சொல்லிடணும். இல்லாட்டி மாசக்கணக்கா சுட்டுட்டு துப்பாக்கி மேல பழி போடுவ. அந்த பலூன் கடைக்காரன் குறிய லேசா வளச்சி வெச்சிருப்பான்னு ஊரே சொல்லுது. நீயும் அதையே சொல்லி தப்பிச்சிக்குவ.

இப்ப சட்டத்துக்கு வா. ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணாம்னு கடைக்காரன் சொல்வான். 2016-ல வந்த ஆயுத விதிப்படி, கொழா 0.177 அங்குலத்துக்கு மேல போவாம, குண்டோட சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேணாம்தான். உன் அடையாளச் சீட்டக் குடுத்துட்டு வாங்கிக்கினு வரலாம். ஆனா அத வெச்சிக்கினு மொட்டை மாடியில ஏறிடாத. உங்க ஃபிளாட்டு பால்கனியில புறா தொல்லைன்னு பொலம்புறது எனக்குத் தெரியும். உன் கண்ணு அது மேல இருக்கறதும் தெரியும். வலை கட்டு. நம்ம செங்கல்பட்டு ஜில்லாவுல இந்த வேலை ஆவாது தம்பி. வெள்ளக்காரன் காலத்துலயே, பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியில, சிப்பாய்ங்க வேடந்தாங்கல் ஏரியில கூடு கட்டுன பறவைங்கள சுட்டாங்கன்னு ஊர் ஜனம் கலெக்டர்கிட்ட போயி நின்னு, இனிமே சுடக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டு வந்துது. துப்பாக்கி வெச்சிருந்தவன் அதிகாரத்துல இருந்தும், கோவணம் கட்னவன் ஜெயிச்ச ஊரு இது. ஒருத்தரு மட்டும் சின்னப் பையனா ஏர் கன்னால குருவி சுட்டு, அது என்ன குருவின்னு விசாரிக்கப் போயி பெரிய ஆளானாரு, சலீம் அலின்னு பேரு, நாட்டுக்கே பறவை வாத்தியாரு. நீ சுட்டா பறவை வாத்தியார் ஆவமாட்ட. 1972-ம் வருசத்து வன உயிர் சட்டத்துல ஸ்டேஷன்ல கையெழுத்து போட்டுக்கினு இருப்ப.

கிண்டலை ஒரு நிமிசம் கட்டில் கீழ வெச்சிட்டு சொல்றேன், கேட்டுக்க. 2021 டிசம்பர் கடைசியில புதுக்கோட்டை நார்த்தாமலை பக்கத்துல, காவல் படை சுடற எடத்துலேர்ந்து பறந்த ஒரு குண்டு, தூரத்துல வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில பாஞ்சிடுச்சு. சில நாள்ல புள்ள போயிட்டான். சுட்டவங்க பயிற்சி எடுத்தவங்க, எடமும் சுடறதுக்குன்னே இருந்த எடம். அதனாலதான் கிளப்புல மொத நாளு துப்பாக்கிய கையில குடுக்காம வாயால பாடம் எடுப்பாங்க. கொழா எப்பவும் குறி இருக்கற பக்கமே பாக்கணும். சுடற வரைக்கும் வெரலு விசைய தொடக் கூடாது. வேலை முடிஞ்சா துப்பாக்கியில குண்டு போடற அறையில கலர் கொடி ஒண்ண சொருகி, காலின்னு எல்லாருக்கும் காட்டணும். "ஸ்டாப்"னு சொன்னா அந்த நொடியே நிறுத்தணும், "இந்த ஒண்ணு மட்டும் சார்"னு கெஞ்சக் கூடாது. ஈயத்த தொட்ட கையோட போண்டா தின்னக் கூடாது, சோப்பு போட்டு கழுவணும். போரடிக்குதுன்னு இதுல கொட்டாவி விட்டவன அனுப்பிடுவாங்க, அனுப்பணும்.

இதெல்லாம் சாதாரணம், எனக்கு பறக்கற தட்ட சுடற ஆட்டம்தான் வேணும்னு சொல்ற. ராஜா வீட்டு ஆசை! தப்பில்ல. 1900-ல பாரிஸ் ஒலிம்பிக்ல நெசப் புறாவயே பறக்க விட்டு சுட்டானுங்க. அதுக்கு 20 வருசம் முன்னாலயே அமெரிக்காவுல லிகோவ்ஸ்கின்னு ஒருத்தரு சுட்ட மண்ணுல தட்டு பண்ணி எறிஞ்சி காட்டிட்டாரு, அது பரவுனப்பறம்தான் புறா கும்பல் தப்பிச்சிது. இன்னிக்கு அந்தத் தட்டு 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் எடை, சுண்ணாம்புக்கல் பொடியும் தாரும் கலந்து அச்சு எடுத்தது. டிராப்புன்னு ஒரு ஆட்டம். உனக்கு முன்னால 15 மீட்டர் தள்ளி ஒரு பள்ளம், அதுக்குள்ள 15 மெஷினு. நீ குரல் குடுத்த உடனே ஏதோ ஒண்ணுலேர்ந்து தட்டு பாயும். எடமா, வலமா, நேராவான்னு உனக்குத் தெரியாது. எழுபத்தஞ்சு மீட்டர் கிட்ட பறக்கற வேகம். தட்டப் பாத்து சுட்டா தட்டு போயிருக்கும், அது போவப் போற எடத்தப் பாத்து துப்பாக்கிய ஓட விட்டு சுடணும், சுட்டப்பறமும் ஓட்டத்த நிறுத்தக் கூடாது. இதுல ரெண்டு கண்ணும் தெறந்திருக்கணும். ரெண்டு குண்டு உண்டு. துணுக்கு பறந்தது கண்ணுக்குத் தெரிஞ்சாலே மார்க்கு. ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு, போட்டின்னா 125. ஸ்கீட்டுன்னு இன்னொண்ணு. அதுல ரெண்டு பக்கமும் ஒசரமும் தாழ்வுமா ரெண்டு கூண்டு. எங்கேர்ந்து வரும்னு தெரியும், ஆனா தட்டு வெளிய வர வரைக்கும் துப்பாக்கி இடுப்புலயே இருக்கணும். தெரிஞ்சும் கோட்டை விடற வேதனை அதுல.

இந்தத் தட்டு சுடற ஆட்டத்துல நம்ம நாட்டுக்கு மொத பேரு வாங்கிக் குடுத்தது பிகானேர் மகாராசா கர்ணி சிங், 1962-ல கெய்ரோவுல உலகப் போட்டியில வெள்ளி. ராத்தோர்னு ராணுவத்துக்காரரு 2004-ல ஏதென்ஸ்ல ஒலிம்பிக் வெள்ளி. நம்ம பக்கத்துல புதுக்கோட்டை சமஸ்தானத்து வாரிசு பிரித்விராஜ் தொண்டைமான். 2023-ல சீனாவுல நடந்த ஆசிய விளையாட்டுல டிராப் அணியோட தங்கம், மறு வருசம் பாரிஸ் ஒலிம்பிக். பாத்துக்கோ, ஒருத்தரு மகாராசா, ஒருத்தரு கர்னலு, ஒருத்தரு சமஸ்தானம். நீ மாச கடைசியில ஃபிளாட்டு டியூ கட்டறவன். சுடற ஒவ்வொரு தோட்டாவும் காசு, ஒடையற ஒவ்வொரு தட்டும் காசு, ஒடையாத தட்டும் காசு. இத்தாலி பெரெட்டா துப்பாக்கி வெலைய பாத்துட்டு வந்து சொல்லு, ஒனக்கு மோரு வெச்சிருக்கேன்.

அதுக்கு லைசென்சும் வேணும். 21 வயசு தாண்டியிருக்கணும், அது உனக்கு தாராளமா ஆச்சு. தாம்பரம் கமிஷனர் ஆபீசுக்கு மனு போடணும். எதுக்கு வேணும்னு கேப்பாங்க. போலீசு வந்து அக்கம்பக்கத்துல விசாரிக்கும். நீ எப்படிப்பட்ட ஆளுன்னு எங்கிட்டயும் கேப்பாங்க, அதனால வீதியில என்ன பாத்தா இனிமே வண்டிய நிறுத்தி வணக்கம் வெச்சிட்டுப் போ. லைசென்சு வந்தப்பறம் தேர்தல் நெருங்கினா துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைன்னு வேற சொல்வாங்க.

சினிமாக்காரங்க சுடறத பாத்து வந்த ஆசையா? அஜித்து சங்கதிதானே? 2022-ல திருச்சி ரைபிள் கிளப்புல நடந்த மாநிலப் போட்டியில அவரு மெடல் வாங்கினாரு, வாஸ்தவம். வெளிய கூடுன கூட்டத்துக்கு மாடியில நின்னு கையும் ஆட்டினாரு. உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல, நிம்மதியா சுடலாம். அவரு மெட்ராசுல பழகுன கிளப்புதான் எழும்பூர்ல பழைய கமிஷனர் ஆபீசு வளாகத்துல இருக்கற சென்னை ரைபிள் கிளப்பு. அங்க போயி விசாரி. ஆரம்பத்துக்கு கிளப்பு துப்பாக்கிலயே சுடு, ஒரு வருசம் ஓட்டு. மாநிலப் போட்டி, அதுக்கு மேல மாவலங்கர் பேருல தகுதிப் போட்டி, அப்பால தேசியம்னு படி இருக்குது. மொதப் படியில நின்னு மூச்சு விடக் கத்துக்கினப்பறம் துப்பாக்கி வாங்கற பேச்ச எடு. அப்ப எந்த துப்பாக்கின்னு உனக்கே தெரியும், ஃபோன கேக்க வேண்டியதில்ல.

போற வழி சொல்றேன். ஷேர் ஆட்டோ புடிச்சி தாம்பரம், எலெக்ட்ரிக் டிரெய்ன்ல எழும்பூர். டாக்சி மட்டும் வெச்சிக்காத. 2021-ல அஜித்து அந்த கிளப்புக்குத்தான் டாக்சியில கெளம்புனாரு, வண்டிக்காரன் வேப்பேரி புது கமிஷனர் ஆபீசுல கொண்டு போயி எறக்கி விட்டுட்டான். அவரு எறங்குனா செல்ஃபி எடுத்துட்டு வழி சொல்லி அனுப்புவாங்க. நீ போயி "துப்பாக்கி சுட வந்திருக்கேன் சார்"னு அங்க சொன்னா, ஜாமீனுக்கு நான்தான் வரணும்.