‘கூடவே வந்தது’காரர்

லேப்டாப் வாங்குகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. ராம் எத்தனை ஜிபி என்று கேட்டால் இவர் விழிப்பார். பெட்டியோடு என்னென்ன வந்தன என்று கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். விண்டோஸ் கூடவே வந்தது, ஆபீஸ் கூடவே வந்தது, ஆன்ட்டிவைரஸ் கூடவே வந்தது. அந்த ஆன்ட்டிவைரஸின் கெடு முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும். புதுப்பிக்கச் சொல்லித் திரையின் ஓரத்தில் தினமும் வந்து நிற்கும் எச்சரிக்கையை, மெஷின் விசுவாசமாகக் காவல் காப்பதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்வார். காசு கொடுத்துத் தனியாக சாஃப்ட்வேர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு ஒரு கனிவான இரக்கம் பிறக்கும். இவரைக் கஞ்சர் என்று சிரித்து ஒதுக்குவது நியாயமில்லை. கைக்கு வந்தது முழுப் பொருளின் சின்ன வடிவம், செய்யச் செலவு குறைவு, அதனால் சும்மா கொடுக்கிறார்கள் என்று நம்புகிறாரே, அங்கேதான் கோளாறு. உண்மையில் பல நேரம் முழுப் பொருளும் அவர் கையில்தான் இருக்கிறது. பூட்டித் தந்திருக்கிறார்கள்.

2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரைப் பாருங்கள். குட்டி நெட்புக்குகளில் ஏற்றி விற்கப்பட்ட இந்தப் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது. பேரன் படத்தை வைக்க ஆசைப்பட்ட நம்மவர் தோற்றுப்போய், வந்த படமே கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சமாதானம் ஆகிவிடுவார். படம் மாற்றும் வசதியை எழுதுவதற்கு மைக்ரோசாஃப்ட்டுக்கு ஆள் கிடைக்கவில்லையா? அது பழைய விண்டோஸ்களிலேயே இருந்த வசதி. பணம் கட்டி ஒரு புதிய கீயை அடித்தால், சிடியும் வேண்டாம், டவுன்லோடும் வேண்டாம், சில நிமிடங்களில் அதே மெஷினில் மேல்பதிப்பு எழுந்து நிற்கும். அதற்கு வேண்டியதெல்லாம் முதல் நாளிலிருந்தே அவருடைய டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சிப்பிலும் இதே கதைதான். 1991-இல் இன்டெல் விற்ற 486எஸ்எக்ஸில் கணிதப் பகுதி முடக்கப்பட்டிருந்தது. அது வேண்டுமென்றால் 487எஸ்எக்ஸ் என்ற துணைச் சிப்பை வாங்க வேண்டும். துணை என்று வந்த அது அசலில் ஒரு முழு 486. வந்து அமர்ந்ததும் பழைய சிப்பை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு எல்லா வேலையையும் தானே பார்த்தது. 2010-இல் ஒரு பென்டியம் சிப்புக்குள் இருந்த வசதிகளைத் திறக்க 50 டாலர் கார்டு விற்றுப் பார்த்து, வந்த ஏச்சுப் பேச்சுகளுக்குப் பிறகு இன்டெல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

கூடுதல் வேலை செய்து ஒரு பொருளைக் குறைப்பானேன்? 1849-இலேயே பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துபுயி இதற்கு விடை சொல்லிவிட்டார். மூன்றாம் வகுப்பு ரயில்பெட்டிக்குக் கூரை போடாதது கூரைச் செலவுக்குப் பயந்து அல்ல. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் என்றார். ஆபீஸ் ஸ்டார்ட்டர் 2010 அந்தக் கூரையில்லாப் பெட்டியின் வாரிசு. வேர்டும் எக்செல்லும் உண்டு, ஓரத்தில் விளம்பரமும் உண்டு, பவர்பாயின்ட் இல்லை. எது இல்லாவிட்டால் மனிதன் தவிப்பான் என்று தெரிந்தே அந்த இடத்தில் பூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?” என்பார் நம்மவர். இது தானமே இல்லை. சாஃப்ட்வேருக்காக மெஷின் தயாரித்தவர் கொடுத்த காசு பெட்டியின் விலைக்குள் எங்கேயோ இருக்கும்; சோதனைப் பதிப்புகளை ஏற்றிவைக்க அவருக்கே யாராவது பணம் கொடுப்பதும் உண்டு. கெட்டிக்காரர் ஒருவர் வேறு மாதிரி மடக்கலாம்: தேவை குறைந்தவனுக்குக் குறைந்த விலையில் கொடுப்பதில் என்ன தப்பு? தப்பே இல்லை. ஆடியோ இன்டர்ஃபேஸோடு வரும் ஏபிள்டன் லைவ் லைட் என்ற பாட்டுப் பதிவு சாஃப்ட்வேரில் எட்டு டிராக்குக்கு மேல் போக முடியாது; புதிதாகப் பழக வருகிறவருக்கு அது தாராளம். கடிதம் தட்டுகிறவருக்கு ஆபீஸ் ஸ்டார்ட்டரும் போதுமானதாகவே இருந்தது. முழு விலைதான் என்றிருந்தால் இவர்களில் பலர் வாசற்படியே ஏறியிருக்கமாட்டார்கள். பூட்டு இருப்பது குற்றமில்லை; அது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வாங்குவதுதான் விபரீதம்.

நம்மவர் பார்ப்பதில்லை. ‘ஆயுள் முழுக்க’ என்ற ஸ்டிக்கரைப் படித்ததும் தன் ஆயுள் என்று எடுத்துக்கொள்கிறார். அங்கே பேசப்படுவது மெஷினின் ஆயுள். கூடவே வரும் விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டுண்டது, அடுத்த லேப்டாப்புக்குக் குடிபெயராது. கூடவே வந்த ஆபீஸ் ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021’ என்றால் அதில் அவுட்லுக் கிடையாது, கடைக் கணக்கு எழுத உரிமமும் கிடையாது. அவரோ அதில்தான் மளிகைக்கடை ஜிஎஸ்டி மொத்தத்தையும் வைத்திருப்பார். வாங்கும்போது மூன்று கேள்வி போதும்: இது எதைச் செய்யாது, எத்தனை நாளைக்கு, எந்த மெஷினில்? பேரம் பேசி இலவச மவுஸும் பையும் வாங்கும் அதே வாயால் இதையும் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டவர் ‘கூடவே வந்தது’ என்று ஊரெல்லாம் பெருமையடிக்க முடியாது. அந்தப் பெருமை ஒன்றுதான் பெட்டியோடு நிஜமாகவே இலவசமாக வருகிறது; அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வருமா என்பதுதான் சந்தேகம்.