மணி அடிச்சா ஊரு ஓடுமா?

வாங்க தம்பி, திண்ணையில உக்காருங்க. மலை உச்சியிலேருந்து டிராகன் பறந்து வந்து தீயக் கக்குற படம் எடுக்கப் போறீகளாம்ல. லொக்கேசன் எங்க குரங்கணியாம். நல்லது. சினிமாக்காரக எங்களுக்குப் புதுசு இல்ல. 2010-ல பிரபு சாலமனோட ‘மைனா’ வந்தப்பவே எங்க மலையைக் கொட்டகையில பாத்தவுக நாங்க. அதுல டிராகன் இல்ல, போலீசு இருந்துச்சு.

உங்க கதையில ஒரு மணி வருதுன்னு அசிஸ்டெண்ட் தம்பி சொன்னாப்ல. ஊர் நடுவுல கோபுரம், அதுல ஆளுசரத்துக்கு மணி. காவக்காரன் டிராகனைப் பாத்ததும் டங்கு டங்குன்னு அடிப்பானாம், ஊரே கிளம்பி ஓடுமாம். ஓடும்னு உங்களுக்கு யாரு தம்பி சொன்னா?

நேரங்கெட்ட நேரத்துல கோயில் மணி அடிச்சா, முதல்ல ‘எவன்டா அடிச்சது’ன்னு ஒரு குரல் வரும். அடுத்தது, ‘யாரைக் கேட்டு அடிச்சான்’. போன திருவிழாவுல பரிவட்டம் கிடைக்காத பங்காளி ஒருத்தர், ‘நான் இருக்கையில அவன் எப்படி மணியத் தொடலாம்’னு துண்டை ஒதறிக்கிட்டு வருவாரு. பஞ்சாயத்து கூடிரும். பாவம் உங்க டிராகன், தீர்ப்பு சொல்ற வரைக்கும் அரசமரத்தடியில ஓரமா உக்காந்திருக்கணும்.

கேலி பேசுறேன்னு நெனைக்காதீக. 2023 அக்டோபர்ல அரசாங்கமே எல்லாரு செல்போனுக்குள்ளயும் மணியக் கட்டி அடிச்சுப் பாத்துச்சு. பேரிடர் எச்சரிக்கைச் சோதனையாம். சட்டைப் பைக்குள்ள அது அலறுன அலறல்ல நான் டீயை வேட்டியில கொட்டிக்கிட்டேன். கடையில இருந்தவுக ஒருத்தராச்சும் எந்திரிச்சோமா? ‘உனக்கு வந்துச்சா, எனக்கு வந்துச்சு’ன்னு ஒருத்தர் போனை ஒருத்தர் வாங்கிப் பாத்தோம். வராத ஆளுக்கு முகம் சுண்டிப் போச்சு, ஏதோ பொங்கல் பரிசு விட்டுப்போன மாதிரி.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு ஒரு சொலவடை இருக்குல்ல, அதைச் சொன்னவரு கோயில் யானையை மட்டும் பாத்த புண்ணியவான். ஏலத்தோட்டத்துக்குள்ள எறங்குற யானைக்கு எவன் மணி கட்டுனான்? சூடு ஆறாத சாணி சொல்லும். ஒடிஞ்ச கிளை சொல்லும். வாலைக் கவட்டுக்குள்ள இடுக்கிக்கிட்டு நிக்கிற நாய் சொல்லும். இதையெல்லாம் பாக்காம மணிக்குக் காதைத் தீட்டிக்கிட்டு நின்னா, அப்புறம் நமக்குத்தான் மணி அடிப்பாக, சங்கோட சேத்து.

வெளிநாட்டுப் படத்தையும் பேரன் காட்டிட்டான். 2014-ல வந்த ஹாபிட் படத்துல, ஏரி மேல கட்டுன ஊரை டிராகன் கொளுத்துது. பார்டுன்னு ஒருத்தன் மணிக்கோபுரத்துல ஏறி, உடைஞ்ச வில்லைக் கோபுரக் கட்டையிலேயே செருகி, பெத்த மகன் தோள்ல அம்பை வச்சுக் குறி பாக்குறான். நம்மாளு மகனைக் கூட்டிட்டு முதல்ல இறங்கியிருப்பான். 2003-ல வந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல இன்னும் வேடிக்கை. ஒரு மலையில தீ மூட்டுனா அதைப் பாத்து அடுத்த மலையில மூட்டுறான், ஆபத்துன்னு சேதி போகுது. பாக்க நல்லாத்தான் இருக்கு. அதையே எங்க ஊருக்கு மேல இருக்கிற கொழுக்குமலையில செஞ்சு பாருங்க, வனத்துறை ஜீப்பு உங்களைத்தான் முதல்ல ஏத்தும்.

ஏன்னா இங்க தீயே வந்துருச்சு தம்பி. 2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. கொழுக்குமலைக்குப் போயிட்டுக் குரங்கணிக்கு இறங்குன பிள்ளைக தீக்குள்ள மாட்டிக்கிச்சுக. சென்னையிலேருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்ததுக, பாதிக்கு மேல பொண்ணுக. இருபது பேருக்கு மேல போய்ச் சேந்துருச்சுக. ஊர்க்காரகளும் தோட்டத்து ஆளுகளும் இருட்டுல ஏறிப் போர்வையில தூக்கிட்டு வந்தாக. ஹெலிகாப்டர் பெறகு வந்துச்சு. விசாரணைக்கு அதுல்ய மிஸ்ராங்கிற அதிகாரியைப் போட்டாக, அந்த வருசமே மலையேத்தத்துக்குத் தனி விதி வந்துச்சு. இதுல எனக்கு நையாண்டி கிடையாது.

அதனால தீயைப் படம் புடிக்கிறதா இருந்தா ஒழுங்காப் புடிங்கன்னுதான் சொல்றேன். மாசி, பங்குனியில சரிவு பூரா புல்லு ஆளுயரத்துக்குக் காஞ்சு நிக்கும். பகல்ல வெயில் ஏற ஏறப் பள்ளத்துக் காத்து மேல ஏறும், தீ அது முதுகுல ஏறிக்கும். மேல நிக்கிற புல்லை அனல்லயே வாட்டிப் பதமாக்கிட்டுத்தான் நெருப்பு போய்த் தொடும். சரிவு பத்து டிகிரி கூடுனா வேகம் ரெண்டு மடங்கும்பாக. உங்க ஹீரோ, அது துரத்தத் துரத்தத் தலைமுடி கலையாம மலை மேல ஓடுறானாம்ல? வேணாம். புல்லு மொளைக்காத பாறைக்கு ஓட விடுங்க. இல்ல, ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச கரிக்காட்டுல நிக்க வைங்க. எரிஞ்ச எடம் மறுபடி எரியாது. மூஞ்சியில கரி அப்பும், மேக்கப்பு செலவு மிச்சம்.

வானத்துலயும் ஒரு மணி தொங்குது. டேராடூன்ல இருக்கிற இந்திய வன அளவை நிறுவனம் 2004-லேருந்து செயற்கைக்கோளை வச்சு எங்க தீ எரியுதுன்னு சேதி அனுப்புது. நல்ல காரியம்தான். ஆனா அந்தக் கோளு நம்ம தலைக்கு மேல வாரது ஒரு நாளைக்குச் சில தடவதான். மத்தியானம் புடிச்ச தீ அடுத்த டிரிப்பு வரட்டும்னு நிக்குமா?

இருக்கிறதுலயே ஒசந்த மணி எது தெரியுமா? செக்போஸ்ட்டு பூட்டு. 2024-ல ‘ட்ரெக் தமிழ்நாடு’ன்னு 40 பாதையைத் தொறந்து விட்டாக, அதுல குரங்கணி–சாம்பலாறும் ஒண்ணு. தீக்காலம் வந்ததும் 2025 பிப்ரவரி 15-லேருந்து ஏப்ரல் 15 வரைக்கும் பூட்டிப்புட்டாக. சத்தமே இல்ல, உசுரு மிஞ்சுது. இதைப் படமா எடுங்களேன்: ஹீரோ வாரான், பூட்டைப் பாக்குறான், போடியில நாலு புரோட்டாவைப் பிச்சுப் போட்டுட்டு ராத்திரி பஸ்ஸுல ஊருக்குப் போறான். இடைவேளைக்கு முன்னாடியே படம் முடிஞ்சிரும். தயாரிப்பாளருக்கு மட்டும் பக்கத்துல ஒரு டாக்டரை உக்கார வைங்க.

பூட்டுக்குப் பின்னாடி ஒரு ஆளு இருக்காரு, அவரை எந்தப் படத்துலயும் நான் பாத்ததில்ல. தீக்காவலர். காயுற காலத்துக்கு மட்டும் கூலிக்கு எடுப்பாக. பச்சைக் கிளையை ஒடிச்சுத் தீயை அடிப்பாரு, புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவாரு, மழை வந்ததும் வீட்டுக்கு அனுப்பிருவாக. உங்க காவக்காரனுக்கும் சம்பளம் என்னன்னு கதையில ஒரு வரி போட்டுருங்க.

அந்த வேசத்துக்கு ஆளு தேடுனா, இந்தா நான் இருக்கேன். டயலாக்கு எழுத மெனக்கெட வேணாம். முதல் சீன்லேருந்து ‘புல்லு காஞ்சு கெடக்குய்யா, மேல போகாதீக’ன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். கூட நடிக்கிறவுக ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது. அதுக்கு நீங்க அவுகளுக்கு நடிப்பு சொல்லித்தர வேண்டியிருக்காது.